கூலி: ஒரு சொல்லின் பயணம்

நாளிதழைப் புரட்டுவோர் 'கூலி' என்ற சொல்லை மூன்று இடங்களில் அடிக்கடி காணலாம். 'செய்கூலி இல்லை' என்கிறது நகைக்கடை விளம்பரம். குற்றச் செய்தியில் 'கூலிப்படை' வருகிறது. விபத்துச் செய்தியில், இறந்தவர் 'கூலித் தொழிலாளி' எனக் குறிக்கப்படுகிறார். முதலிடத்தில் அது செலவு, இரண்டாமிடத்தில் இழிவு, மூன்றாமிடத்தில் ஒரு மனிதரின் ஒரே அடையாளம்.

தொடக்கத்தில் இச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடலை வருத்தி உழைத்ததற்குத் தவறாது கிட்டும் பலனே கூலி. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, தையற்கூலி என இன்றும் வழங்குபவை அப்பொருளையே காக்கின்றன. பொருளியல் பாடநூல்களிலும் நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, தொழில்முனைவுக்கு லாபம் என்றே கற்பித்து வந்தோம். நால்வருக்கும் உரிய பங்கு அது. அதில் உயர்வு தாழ்வு இல்லை.

பொருள் திரிந்தது காலனி ஆட்சியில். ஆங்கிலத்தில் 'கூலி' என்பது ஊதியத்தை அன்றி, அதைப் பெறும் ஆளைக் குறித்தது. அந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றதா, குஜராத்தின் 'கோலி' என்ற சமூகப் பெயரிலிருந்து சென்றதா என்பதில் அறிஞரிடையே இரு கருத்துகள் உண்டு. எதுவாயினும், கொடுக்க வேண்டிய பணத்தின் பெயர், கொடுக்கப்படாத மரியாதையின் பெயராயிற்று.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல், ஒப்பந்தத் தொழிலாளர்களை தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1893-இல் காந்தியடிகள் அங்கு சென்றபோது, இந்தியர் அனைவருமே 'கூலி'கள். வணிகர் 'கூலி வணிகர்'. அவரோ 'கூலி பாரிஸ்டர்'. தம் சுயசரிதையில் இதைப் பதிவு செய்யும் அவர், 'சாமி' என்ற தமிழ்ச் சொல்லும் அங்கு வசைச் சொல்லானதைக் குறிப்பிடுகிறார். 1903-இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் தமிழிலும் பக்கங்களை வெளியிட்டது தற்செயலன்று.

தமிழ்நாட்டில் இதற்கு மறுமொழியாக எழுந்த சொல் 'தொழிலாளர்'. 1917-இல் 'தேசபக்தன்' நாளேட்டின் ஆசிரியரான திரு.வி.க., 1918 ஏப்ரலில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1923-இல் சென்னையில் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர், தம் இதழுக்கே 'தொழிலாளன்' எனப் பெயரிட்டார். இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. 'கூலி' ஏவப்படுபவர்; 'தொழிலாளர்' உரிமை கோருபவர். பழைய இதழ்களை வரிசையாகப் படிப்பவருக்கு இம்மாற்றம் ஓர் இயக்கத்தின் வரலாறாகவே தோன்றும்.

ஆனால், சொல் மாறினால் மட்டும் போதுமா? 2016-17 ரயில்வே நிதிநிலை அறிக்கை, ரயில் நிலையக் கூலிகளை 'சகாயக்' என இனி அழைக்கலாம் என்றது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும், அவர்கள் ரயில்வே ஊழியர் ஆகிவிடவில்லை. பயணி தரும் பணமே அவர்கள் வருவாய்.

இன்று உணவு கொண்டு வந்து தரும் இளைஞரை நிறுவனங்கள் 'பங்குதாரர்' என்கின்றன. லாபத்தில் பங்கில்லாத பங்குதாரர் அவர். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகையோரை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர்களாகவே வரையறுக்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு இவர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைத்தது நல்ல தொடக்கம். ஆனால், குறைந்தபட்ச ஊதியம் என்ற உறுதி இன்னும் இவர்களை எட்டவில்லை.

அன்று ஊதியத்தின் பெயரால் மனிதரைத் தாழ்த்தினார்கள். இன்று மனிதருக்கு உயர்ந்த பெயர் சூட்டி ஊதியத்தைப் பேச்சிலிருந்தே நீக்குகிறார்கள். 'செய்கூலி இல்லை' என்ற விளம்பரத்தைக் காணும்போதும் இதே ஐயம் எழுகிறது. செய்தவர் கைக்குக் கூலி இல்லாமல் நகை ஏது? அது விலையில் எங்கோ மறைந்திருக்கிறது.

கூலி என்பது வெட்கப்படத்தக்க சொல் அன்று. அதை முழுமையாகவும் உரிய நேரத்திலும் கொடாமையே வெட்கத்துக்குரியது.