அணித்தாய துறைமுகம்

கடல் கடந்தேனும் பொருளீட்டுமாறு நம்மவர்க்கு ஔவையார் அறிவுரை கூறினார். எத்துறையிற் கலமேறுதல் நன்று என்பதனை அவர் கூறிற்றிலர். இந்நாளில் பொருளீட்டுதற்கு மட்டுமன்றி, உறவினரைக் காண்டற்கும், ஓய்வுக்கும், உலகறிவுக்குமாகக் கடற்செலவு மேற்கொள்வோர் பலராயினர். நம் கல்லூரியின் பழைய மாணவருள்ளும் ஓய்வு பெற்ற ஆசிரியருள்ளும், உல்லாசக் கப்பலில் நான்கு நாள் சென்று மீள விரும்புவோர் உளர். அவர்முன் நிற்கும் முதல் வினா, ‘எத்துறைமுகத்தினின்று புறப்படுவது?’ என்பதே. ‘வீட்டுக்கு அணித்தாய துறைமுகத்தினின்று’ என எளிதில் விடை கூறிவிடலாம். ஆயின், அணிமை என்பது யாது? அதனை அளக்குங் கோல் யாது? இவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊர் வேண்டும். கரிசல் நிலத்து ஊராகிய மல்லாங்கிணற்றை எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டத்திலே காரியாபட்டி வட்டத்தைச் சார்ந்த இப்பேரூர், பெயரிலேயே கிணற்றை உடையது; கண்மாய் நிறைந்த ஆண்டினைத் திருநாளாகக் கொண்டாடுவது. கடலின் ஓசை அதன் செவிக்கு எட்டுவதன்று. இவ்வூரினின்று சாலை வழியே தூத்துக்குடி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நாகப்பட்டினம் 250 கிலோமீட்டருக்கு மேல். மேற்கு மலைக்கு அப்பாலுள்ள கொச்சி 300 கிலோமீட்டர் அளவு. சென்னை 500 கிலோமீட்டர் அளவு. கணக்குப் பாடம் மட்டுங் கற்ற மாணவன் ‘தூத்துக்குடி’ என்று விடையெழுதி முழு மதிப்பெண்ணும் பெறுவான். மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவோனுக்கு அவ்விடை போதாது.

முதற்கண் வினவற்பாலது, நாம் செல்ல விரும்பும் இடத்துக்கு அத்துறையினின்று கப்பல் உண்டா என்பது. யோனா தீர்க்கதரிசி செய்த பிழைகள் பல. ஆயினும், துறையைத் தேர்ந்ததில் அவர் பிழை செய்தார் எனல் ஆகாது. அவர் விரும்பிய தர்ஷீசுக்குச் செல்லுங் கலம் யோப்பாவில் நின்றது. கப்பலில்லாத துறைமுகம் எத்துணை அண்மையில் இருப்பினும், நீரில்லாத கிணற்றை ஒக்கும்.

துறைகளின் வாழ்வும் நிலையுடையதன்று. பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கை, தாமிரபரணியாறு கொணர்ந்த மணலால் தூர்ந்து, இன்று கடலினின்று விலகி உள்நாட்டூராய் நிற்கின்றது. அதன்பின் காயல் சிறந்தது. காயலுக்குப் பின் தூத்துக்குடி சிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டவே, கொழும்பு செல்வோர்க்கு அதுவே வாயிலாயிற்று. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலந் திறக்கப்பட்டபின், புகைவண்டி தனுஷ்கோடி வரை சென்றது; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி மிகக் குறுகியதாதலின், இலங்கைப் பயணிகளுட் பெரும்பாலோர் அவ்வழியை நாடினர். அக்காலத்தில் மல்லாங்கிணறும் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் ஜில்லாவைச் சார்ந்தவை. ஆதலின், எம்மூரார்க்கு அயல்நாட்டு வாயில் தம் ஜில்லாவிலேயே இருந்தது எனலாம். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்தினின்று தலைமன்னாருக்குச் சென்ற கப்பலும், இலங்கையில் நேர்ந்த உள்நாட்டுக் கலகத்தால் 1980களில் நின்றது. ஓர் ஊருக்கு அணித்தாய துறை எது என்ற வினாவுக்கு, நூறாண்டுக்குள் எத்தனை விடைகள் மாறிவிட்டன, காண்மின்!

இரண்டாவதாக நோக்கற்பாலது கடலின் இயல்பு. நிலப்படத்திற் பார்ப்போர்க்குத் தூத்துக்குடியினின்று யாழ்ப்பாணமும் சென்னையும் நேர்வழியாகத் தோன்றும். ஆனால் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுகளும் ஆழமற்ற நீரும் பெருங்கப்பல்களை விடமாட்டா. அவை இலங்கையைச் சுற்றியே வங்கக் கடலை அடைதல் வேண்டும். ஆதலின், தூத்துக்குடி கொழும்புக்கு ஏற்ற துறை. நாகப்பட்டினம் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு ஏற்ற துறை. ஒன்றின் வேலையை மற்றொன்று எளிதிற் செய்யாது. துறையின் ஆழமும் இங்ஙனமே கருதத்தக்கது. பழைய தூத்துக்குடியிற் கரையோரம் ஆழமின்மையால், கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகேறிச் சென்று கப்பலை அடைந்தனர். முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் அஃது எத்துணை இடர் விளைத்திருக்கும்! இற்றைத் துறைமுகமோ நான்கு கிலோமீட்டர் அளவு நீண்ட இரு கல்லணைகளைக் கடலினுட் கைகளைப்போல் நீட்டி, அலையடங்கிய நீரிற் பெருங்கலங்களை ஏற்றுக்கொள்கின்றது. 1974ஆம் ஆண்டு அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது.

மூன்றாவது, பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால், கொச்சியும் மும்பையுமுள்ள மேலைக்கடல் கொந்தளிக்கும். மலைத்தொடரின் மறைவிலுள்ள சோழமண்டலக் கரை ஒப்புநோக்க அமைதியாயிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் நிலைமை மாறும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிக் கப்பல் 2023 அக்டோபர் 14ஆம் நாள் தொடங்கப்பட்டது. சில நாட்களுக்குள் பருவநிலை காரணமாக நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16இல் மீண்டும் புறப்பட்டது. அக்கப்பல் ஏறத்தாழ 150 பேரைக் கொண்டு, நான்கு மணி நேர அளவில் அக்கரை சேர்வது. இத்தகைய சிறுகலத்துக்குக் காற்றின் இசைவு இன்றியமையாதது.

பருவத்தைப் பொருட்படுத்தாமையால் விளையுங் கேட்டுக்குத் திருமறையிலே ஒரு சான்று உண்டு. கிரேத்தா தீவில் ‘நல்ல துறைமுகம்’ என்னும் பெயருடைய இடத்திற் கப்பல் தங்கியிருந்தபோது, கடற்செலவுக்குரிய காலங் கடந்துவிட்டமையை உணர்ந்து, அங்கேயே தங்குமாறு பவுலடியார் எச்சரித்தார். அத்துறை மழைகாலத்தில் தங்குதற்கு வசதியானதன்று எனக் கருதிப் பெரும்பாலோர் வேறு துறையை நாடிச் சென்றனர்; யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றிற் சிக்கி, மெலித்தா தீவிற் கப்பலை இழந்தனர். வசதி குறைந்த துறையும், காலமறிந்து தங்குவோர்க்கு நல்ல துறையே என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவது, வீட்டினின்று துறைவரை செல்லும் நிலவழி. பயணக் களைப்பைப் பெருக்குவது தொலைவைக் காட்டினும் இடையிடையே வண்டி மாறுதலும், காத்திருத்தலும், மூட்டை சுமத்தலுமே. மல்லாங்கிணற்றினின்று விருதுநகர் சேர்ந்து, இரவில் தூத்துக்குடியினின்று வரும் முத்துநகர் விரைவு வண்டியில் ஏறுவோர், உறங்கி விழிக்குமுன் சென்னையை அணுகிவிடுவர். நாகப்பட்டினம் சென்னையினும் பாதித் தொலைவேயாயினும், அதற்குப் பேருந்து மாறிச் செல்வோர் ஒரு பகல் முழுதும் அலைதல் கூடும். இங்ஙனமாக 500 கிலோமீட்டர் ஓர் உறக்கமாகவும், 250 கிலோமீட்டர் ஒரு பகலாகவும் ஆதல் உண்டு. பழங்காலத்தார் பட்ட பாட்டை நோக்க, இவையெல்லாம் சிறு துன்பங்களே. கால்டுவெல் ஐயர் 1838இல் வந்திறங்கிய துறை சென்னை. அவர் பணியாற்றிய ஊர் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள இடையன்குடி. 1841இல் அவர் அந்நெடுவழியைக் கால்நடையாகவே கடந்து சென்றார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் வகுத்த பெரியார்க்குங்கூட, கப்பல் நின்ற துறை வேறு, செல்லவேண்டிய ஊர் வேறாகவே இருந்தன.

ஐந்தாவது, மீளும் வழி. உல்லாசக் கப்பல்களுட் பல, புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவன. சில, வேறொரு துறையில் இறக்கிவிடுவன. போகும்போது அணித்தாயிருந்த துறையை நம்பி, வரும்போது மும்பையிலோ கொச்சியிலோ இறங்க நேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் புகைவண்டிக் கட்டணத்திற் கரைந்துபோம். சீட்டு வாங்குமுன்னரே இதனை வினவித் தெளிதல் வேண்டும்.

இவற்றோடு சில சிறு செய்திகளையும் மனத்திற் கொள்க. இலங்கை முதலிய அயல்நாட்டுத் துறைகளைத் தொடுங் கப்பலாயின், கடவுச்சீட்டும் அந்நாட்டார் வேண்டும் இசைவும் இன்றியமையாதன. கொச்சியினின்று இலட்சத்தீவு செல்வோர் இந்தியராயினும் முன்னரே அனுமதி பெறல் வேண்டும். கப்பல் எவருக்காகவும் காத்திராது. புறப்படும் நேரத்துக்கு முன்பே ஏறும் வாயில் அடைக்கப்படும். ஆதலின், தொலைத்துறைக்குச் செல்வோர் முன்னாளே அவ்வூர் சேர்ந்து தங்குதல் அறிவுடைமை; அத்தங்கற் செலவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். நம் பக்கத்தார்க்குச் சிறப்பாக ஒன்று சொல்வோம்: சிவகாசிக்கு அணித்தே வாழ்கின்ற நாம், உறவினர்க்குக் கையுறையாக மத்தாப்பும் வாணமும் கொண்டு செல்ல நினைப்பது இயல்பு. கப்பலிலும் அது கூடாது. கப்பலுக்குச் செல்லும் புகைவண்டியிலும் கூடாது. சேவும் மிட்டாயும் கொண்டு செல்க.

இனி, இக்கோல்கொண்டு அளப்போம். கொழும்பு செல்ல விழையும் மல்லாங்கிணற்றார்க்கு இயற்கை தந்த துறை தூத்துக்குடியே. எனினும் பயணிக் கப்பல் அங்கு நிலைபெறவில்லை. யாழ்ப்பாணத்து உறவினரைக் காண விழைவோர்க்கு, காற்றடங்கிய காலத்தில் நாகப்பட்டினம் அணித்து. கடலிற் சில நாள் இன்பமாகத் தங்கியிருக்க விழைவோர் சென்னையையோ கொச்சியையோ நாடுதல் வேண்டும். 2023 ஜூன் மாதத்திற் சென்னையினின்று இலங்கைக்குத் தொடங்கிய உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவற்றைத் தொட்டு மீள்வதாக அமைந்தது. கொச்சியில் ‘சாகரிகா’ என்னும் பன்னாட்டுப் பயணக் கப்பல் நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. அந்தமான் செல்வோர்க்குச் சென்னையினின்று அரசினரின் கப்பல் உண்டு. மூன்று நாள் அளவு கடலிற் கழியும். கப்பல்களின் கால அட்டவணை பருவந்தோறும் மாறுமாதலின், உரிய நிலையத்தாரை வினவியே முடிவு செய்க.

தூத்துக்குடியிற் பயணிக் கப்பல் நிலைபெறாமை ஏன்? இவ்வினாவை எழுப்பாது கட்டுரையை முடித்தல் முறையன்று. 1906ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தார்கள். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக நாற்பதாயிரம் பங்குகள், ஆகப் பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் என வகுக்கப்பட்டது. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், குடையொன்று கொடுக்கவும் முன்வந்தனர் என்பர். 1908இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார்கள்; 1911இற் கம்பெனி கலைக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின், 2011 ஜூன் மாதத்தில், ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் பெருங்கப்பல், வாரத்துக்கு இருமுறை தூத்துக்குடியினின்று மாலையிற் புறப்பட்டு, மறுநாட் காலை கொழும்பை அடையத் தொடங்கிற்று. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய அதில் இடங்கள் நிரம்பவில்லை; அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது. மதுரையினின்று விமானம் ஒரு மணி நேர அளவிற் கொழும்பு சேரும் இந்நாளில், ஓரிரவுக் கடற்செலவை விரும்புவோர் அருகியிருத்தல் வியப்பன்று.

ஆயினும் விமானம் ஏறவியலாத எளியோரும், நிறைந்த மூட்டைகளோடு செல்லும் சிறு வணிகரும், பிரிந்த உறவினரைக் காணத் துடிக்கும் முதியோரும் இன்றும் உளர். அணித்தாய துறை அவர்க்கு ஆடம்பரமன்று; பேத்தியின் திருமணத்துக்குப் போவதா, வாழ்த்துக் கடிதம் விடுத்து அமைவதா என்பதனை அதுவே முடிவு செய்கின்றது. துறைமுகத்தை அரசு கட்டலாம், கல்லணைகளை நீட்டலாம், பெயர் சூட்டலாம். கப்பலை ஆண்டுதோறும் வரச்செய்வோர், சீட்டு வாங்கி ஏறுவோரே. கொற்கையை மணல் தூர்த்தது. தூத்துக்குடியின் பயணிக் கப்பலை வெற்றிடங்கள் தூர்த்தன.

ஆதலின், நண்பர்காள், கடற்செலவு கருதுங்கால், கப்பலையும் கடலையும் பருவத்தையும் நிலவழியையும் மீள்வழியையும் ஒருங்கே சீர்தூக்கித் துறையைத் தேர்மின். தொலைத்துறையே அப்பொழுது ஏற்றதாயின், தயங்காது செல்மின். சிதம்பரனார் பெயர் தாங்கிய துறையினின்று மீண்டும் ஒரு பயணிக் கப்பல் சங்கு முழக்கிப் புறப்படுமாயின், முதன் மாதத்து வேடிக்கைக் கூட்டத்தோடு நின்றுவிடாது, பன்னிரண்டாம் மாதத்திலும் அதில் ஏறுவோராய் இருப்போமாக.