ஈயம் தீர்ந்த ஊரில் சைக்கிள் பாதை



எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு நாள் ஈயத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஈயத்தையெல்லாம் தோண்டி முடித்த பிறகு அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதைப் பார்த்தவர்கள் நாம். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து போன குடும்பங்களையும் அறிவோம். ஆகவே இது அந்தச் சிறுவனின் கேள்வி மட்டுமன்று. நம் எல்லோருடைய கேள்வியுமாகும். இதற்கு விடை தேடி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மேனியாத் தீவுக்கு இன்று போய் வருவோம்.

அத்தீவின் வடகிழக்கே, ரிங்கரூமா ஆற்றின் கரையில் டெர்பி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1874-ஆம் ஆண்டு அந்த வட்டாரத்தில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. குருஷ்கா என்னும் சகோதரர்கள் இங்கே ஈய நிலத்தைக் கண்டு தொழில் தொடங்கினார்கள். அதனால் முதலில் இவ்வூருக்குச் 'சகோதரர் இல்லம்' என்று பொருள்படும் பெயரே வழங்கியது. இங்கே எழுந்த பெரிய சுரங்கத்தின் பெயர் பிரைசீஸ். 1876-இல் மெல்பர்ன் கிண்ணக் குதிரைப் பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயர் அது. அந்த வட்டாரத்து ஈய நிலங்களுக்குச் சீனத் தொழிலாளர்களும் கடல் கடந்து வந்து உழைத்தார்கள்.

அங்கே ஈயம் எடுத்த முறை நமக்குப் புதிதல்ல. நம் கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்களிலும் அதே முறைதான். குழாயிலிருந்து பீறிடும் தண்ணீரால் மண்ணைக் கரைத்து, சேற்றை நீண்ட சாய்வுத் தொட்டியில் ஓடவிடுவார்கள். நாம் பாலோங் என்று சொல்வோமே, அதைப் போன்றது அந்தத் தொட்டி. ஈயக்கல் தண்ணீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு கனமானது. மணலோ இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டும். ஆகவே மணல் நீரோடு போய்விடும், ஈயம் அடியில் தங்கிவிடும். வீட்டில் நம் தாய்மார்கள் அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குகிறதல்லவா? அதே தத்துவந்தான்.

இந்த வேலைக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். அதற்காக ஊருக்கு மேலே மலையில் ஓர் அணை கட்டியிருந்தார்கள். 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் பெருமழை கொட்டியது. அணை உடைந்தது. வெள்ளம் சுரங்கத்தையும் ஊரையும் வாரிக்கொண்டு போயிற்று. 14 உயிர்கள் பலியாயின. பிற்பாடு சுரங்கம் மறுபடி திறக்கப்பட்டாலும் பழைய செழிப்பு திரும்பவில்லை. 1948-இல் அது மூடப்பட்டது. வேலை போயிற்று, பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனார்கள், ஊர் சுருங்கிப்போயிற்று.

இந்த நிலை நாமும் கண்டதே. 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபோது, நம் நாட்டு லம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

டெர்பி பல்லாண்டுக் காலம் அப்படியே கிடந்தது. பிறகு இரண்டு உள்ளூர் மன்றங்கள் சேர்ந்து ஒரு வழி கண்டன. நம்மிடம் மிஞ்சியிருப்பது என்ன? மலை இருக்கிறது, காடு இருக்கிறது, பாறை இருக்கிறது. இவற்றினூடே மலைச் சைக்கிள் ஓட்டும் பாதை போட்டால் என்ன என்று எண்ணினார்கள். கூட்டரசு மானியமும் கிடைத்தது. 2015-இல் முதல் பாதைகள் திறக்கப்பட்டன. இன்று அவற்றின் நீளம் 100 கிலோமீட்டருக்கும் மேல்.

மலைச் சைக்கிள் என்பது தடித்த டயரும், குலுக்கலைத் தாங்கும் விசையும், வலுவான பிரேக்கும் உடையது. அது ஓடும் பாதையை எப்படி அமைக்கிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மலை உச்சியிலிருந்து நேரே கீழ்நோக்கி வெட்டினால், மழை அதை ஓடையாக்கிவிடும். சரிவில் கான் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே பாதையைச் சரிவின் குறுக்காக, வளைத்து வளைத்துக் கொண்டுபோகிறார்கள். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சராசரியாக 10 மீட்டர் தூரத்திற்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாமல் இருப்பது நல்லது. பாதையின் வெளி ஓரம் சற்றுத் தாழ்ந்திருக்கும். இடையிடையே பாதை இறங்கி ஏறும். அங்கே தண்ணீர் வெளியே வடிந்துவிடும். மண்ணைக் கரைப்பதற்கென்று தண்ணீரைப் பாய்ச்சிய ஊரில், இன்று மண் கரையாதபடி தண்ணீரை விலக்கிவிடுகிறார்கள்!

பாதைகளுக்கு நிறக் குறியீடும் உண்டு. பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். தன் திறமை அறிந்து ஏறவேண்டும் என்பதே இதன் பொருள். ஒரு பாதைக்குக் குருஷ்கா சகோதரர்களின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பிரைசீஸ் சுரங்கப் பள்ளம் இப்போது நீர் நிறைந்த ஏரி.

2017-இல் உலக அளவிலான மலைச் சைக்கிள் பந்தயத் தொடரின் ஒரு சுற்று டெர்பியில் நடந்தது. 2019-லும் 2023-லும் மீண்டும் நடந்தது. சைக்கிள் பழுது பார்ப்பது, வாடகைக்கு விடுவது, ஆட்களையும் சைக்கிளையும் மலைமேல் ஏற்றிச் செல்வது, உணவுக்கடை, தங்குமிடம் எனப் புதிய தொழில்கள் பிறந்தன.

இனிப்பை மட்டும் சொல்லி முடித்தால் அது முழு உண்மையாகாது. வீடுகளின் விலை ஏறியது. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் சில பயணிகளின் விடுதிகளாயின. பாதையை ஒட்டிய காட்டில் மரம் வெட்டலாமா கூடாதா என்ற பிணக்கும் எழுந்தது. ஓர் ஊர் பிழைத்தெழும்போது, அவ்வூரில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். லயத்தைவிட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று எச்சரிக்கை. கைவிடப்பட்ட லம்பக் குட்டை விளையாடும் இடமன்று. கரை திடீரென ஆழத்தில் இறங்கும். அடியில் சேறு காலை இழுக்கும். எத்தனையோ பிள்ளைகளை நாம் இழந்துவிட்டோம். டெர்பியில் பள்ளத்தைப் பயனுள்ளதாக்கியது திட்டமும் காவலும். பிள்ளைகளின் துணிச்சல் அல்ல.

மற்றொன்று, நிலத்தின் செல்வம் தீரலாம், கைத்திறன் தீராது என்பது. மண்ணையும் நீரையும் சரிவையும் அறிந்த கைகள் நம்மிடம் உண்டு. கான் வெட்டத் தெரிந்தவனுக்குப் பாதை போடவும் தெரியும். அந்த அறிவோடு படிப்பும், ஒரு தொழிற்பயிற்சியும் சேர்ந்தால், ஒரு வேலை மூடும்போது மற்றொரு கதவைத் தட்டலாம்.

அந்தச் சிறுவனிடம் டெர்பியின் கதையைச் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் ஐயா, தோட்டம் மூடுவதற்கு முன்னாலேயே யோசிக்கத் தொடங்கவேண்டும், இல்லையா?" என்றான். டெர்பி மக்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து கற்ற பாடம் அது. நம் வீடுகளில் இன்றிரவே அந்தப் பேச்சைத் தொடங்குவோம்.