பழைய மோட்டார் வண்டியும் துருவும்

கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பெற்ற அம்பாசிடர் வண்டியை அறியாதார் நம் நாட்டில் அரியர். அரை நூற்றாண்டு கடந்த அத்தகைய வண்டியொன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, ஓய்வு நேரங்களில் தாமே பழுது பார்த்து ஓட்டும் ஆர்வலர்கள் பெருகி வருகின்றனர். பழைய நீரிறைக்கும் எஞ்சின், தையல் இயந்திரம் ஆகியவற்றையும் சிலர் இவ்வாறே புதுப்பிக்கின்றனர். இவர்கள் அனைவரும் முதலில் எதிர்கொள்ளும் பகை துருவேயாகும்.

துருவை எவ்வாறு அகற்றுகிறோம் என்பது இன்று சட்டத்தோடும் தொடர்புடையது. 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல உருவிலேயே பேணப்பட்ட இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதனால் தனி வகையாக ஏற்கப்பட்டன. அவற்றின் பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். வண்டியை அடையாளங்காட்டுவன அதன் அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட எண்களாகும். துருவைப் போக்குவதாக எண்ணி, அவ்விடத்தில் சாணைச் சக்கரத்தை ஓட்டினால் எண்ணும் துருவோடு போய்விடும்; பின்னர் அதனை மீட்பது அரிது. அங்கே எண்ணெய் தடவி ஊறவிட்டு, பித்தளைக் கம்பி பிரஷ் கொண்டு மெல்லத் தேய்ப்பதே தக்கது. கண்ணாடிபோல் பளபளக்க வைப்பதே புதுப்பித்தல் எனச் சிலர் கருதுவது பொருந்தாது.

இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு தோன்றும். அலுமினியத்தின் மேற்படியும் ஆக்சைடு தன் அடியிலுள்ள உலோகத்தை மூடிக் காக்கும். இரும்பின் துருவோ நுண்துளைகள் மிகுந்தது. ஈரத்தை மேன்மேலும் உள்ளே விடும். மேலும், தனக்கு மூலமான இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று விடாது இறுகிப்போவது இதனாலேயே. சிலிண்டரினுள் இறுகிய பிஸ்டனைச் சுத்தியலால் அடித்து உடைத்தவர் பலர். மெல்லிய எண்ணெயை மேலே ஊற்றிப் பல நாள் காத்திருந்தால் அது பெரும்பாலும் இளகிவிடும்.

கழற்றி எடுக்கக்கூடிய இரும்புப் பகுதிகளுக்கு மின்பகுப்பு முறை சிறந்தது. அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் கரைக்கும். மின்பகுப்பு நல்ல இரும்பைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் நீருக்குச் சுமார் 50 கிராம் சலவைச் சோடாவைக் கரைக்கவேண்டும். சமையற் சோடா அத்துணை நன்றாக மின்சாரத்தைக் கடத்தாது. துருவேறிய பகுதியைக் கரைசலில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையோடு இணைக்கவேண்டும். நேர்முனையில் பயனற்ற சாதாரண இரும்புத் தகடொன்றை மாட்டலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது. எதிர்முனையில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவைத் தளர்த்தும். துருவின் ஒரு பகுதி கரிய ஆக்சைடாக மாறி எளிதில் உதிரும். தகட்டை நோக்கிய பக்கமே விரைவில் தூய்மையாவதால், பொருளை இடையிடையே திருப்பி வைக்கவேண்டும். ஓரிரவு போதுமானது. புதுவகைத் தானியங்கி சார்ஜர்கள் பாட்டரி இணைக்கப்படாவிடின் இயங்குவதில்லை. இதற்குப் பழைய வகையே உதவும்.

இம்முறையில் செய்யத்தகாதன சில உண்டு. தகடு தேய்கின்றதே என்று துருப்பிடிக்காத எஃகை மாட்டுவோர் உளர். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகிக் கரைசலில் கலக்கும். சோடாவுக்கு மாறாகச் சமையலுப்பை இட்டால் குளோரின் வாயு எழும். அலுமினியப் பிஸ்டனையும், துத்தநாகக் கலவையாலான கார்பரேட்டரையும் காரம் அரித்துவிடும். சுருள்வில், கடினப்படுத்திய போல்ட் முதலியன ஹைட்ரஜனை உட்கொண்டு நொறுங்கும் இயல்பை அடையும். ஆதலின் அவற்றை வாளியில் இடலாகாது. ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயுவாதலால் திறந்த வெளியிலேயே வேலை செய்து, சார்ஜரை நிறுத்திய பின்னரே கம்பிகளைக் கழற்றவேண்டும். வெளியே எடுத்த பொருளை உடனே கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் ஒரு மணி நேரத்திற்குள் புதுத் துரு படரும்.

வீட்டுப் பட்டறையில் துருவினும் கொடியன வேறு உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது ஆண்டு முந்திய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடுமென்றே கொள்ளவேண்டும். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்குதல், சிறுவர் உலவும் வீட்டில் பெருந்தீங்காகும். நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றியெடுக்கலாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதனைக் காற்றடித்துத் துப்புரவு செய்தால் நுண்ணிழைகள் நுரையீரலை அடையும். காலியான பெட்ரோல் தொட்டியும் அபாயமானதே. நிறைந்த தொட்டியைவிட ஆவி தங்கிய வெறுந்தொட்டியே வெல்டிங் சுடரில் வெடிக்க வல்லது. தொட்டி வேலையை வீட்டில் செய்யாதிருத்தலே நன்று.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயங்கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றது. பழைய எஞ்சின்களில் வெளியேற்று வால்வின் இருக்கை தேயாமல் காத்துவந்தது அவ்வீயமே. எனவே சிலிண்டர் தலையைக் கழற்றும்போதே கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடலாம். 2023 முதல் பரவிய, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். ஆண்டில் பெரும்பகுதி நின்றிருக்கும் வண்டியின் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்பகுப்பை வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சார்ஜர் தேவையில்லை. கண்ணாடிக் குவளையில் சோடா நீர், ஒரு துருவேறிய ஆணி, ஒரு புதிய ஆணி, 9 வோல்ட் உலர் பாட்டரி ஆகியன போதும். துருவேறியதை எதிர்முனையோடு இணைத்துச் சன்னலருகே வைத்தால், பாடவேளை முடியுமுன் குமிழிகளையும் உதிரும் துருவையும் மாணவர் காண்பர். கம்பிகளை மாற்றி இணைத்து மறுநாள் வரை விட்டுவைத்தால், அரிக்கப்படுவது எந்த ஆணி என்பதையும் அவர்களே கண்டுகொள்ளலாம்.