சத்துமாவை நாமே அரைப்போம்!

பள்ளிக்கரணைக் கடைகளில் சத்துமாவு கேட்போருக்கு நாம் கம்பெனி பாக்கெட்டையே எடுத்து நீட்டுகிறோம். வறட்சி தாங்கும் கம்பு, கேழ்வரகு, சாமை, தினையோ நம் கடையிலேயே மூட்டையில் கிடக்கின்றன. பக்கத்துத் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கொல்லிமலை உழவர்கள் சிறுதானியத்தை மாவாக்கி விற்க வழிகாட்டியது. நாமும் அரைத்து விற்கலாம்.

இரண்டில் மட்டும் கவனம் தேவை. கம்பில் கொழுப்பு அதிகம்; மாவு சில நாட்களிலேயே கசக்கும். ஆகவே வறுத்து, வார விற்பனைக்கு மட்டும் அரைப்போம்.

அடுத்தது வரி. 2023 அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவின்படி, எடையில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் சிறுதானியம் உள்ள மாவை லூஸாக விற்றால் வரியில்லை; லேபிள் ஒட்டிய பாக்கெட்டுக்கு 5 சதவீதம். பொட்டுக்கடலை, பயறு எல்லாம் 30 சதவீதத்துக்குள் அடங்கட்டும். அளவு தவறினால் சலுகை போய்விடும்!