பலகை யாருடையது?

ஆடுகளமும் அதிகாரமும் – 14

2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாடைப் பிரதமர் தொடங்கிவைத்தார். மறுநாளிலிருந்து மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஆட்டங்கள். அதே ஜூலை 28 அன்று, எந்த விழாவும் இல்லாமல், கூகுள், ஆப்பிள் இரண்டின் கடைகளிலிருந்தும் ஒரு கைப்பேசி ஆட்டம் காணாமல் போனது. ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பிஜிஎம்ஐதான் அது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு அதை முடக்கியிருந்தது. அந்த மாதத்தின் நடுப்பகுதி வரை பிஜிஎம்ஐ போட்டித் தொடர் ஒன்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. இந்திய இ-ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது என்று பலரும் எழுதிய சமயம் அது. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஒரே நாளில் இரண்டும் நடந்தது தற்செயல்தான். ஆனால் தேசிய அளவில் ஓர் இ-ஸ்போர்ட்ஸ் லீக் வேண்டும், ஐ.பி.எல். மாதிரி நகரத்துக்கு ஓர் அணி வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும். அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் பரிசுத் தொகை, அணிகளின் ஏல விலை, ஒளிபரப்பு உரிமை என்றே சுற்றிவருகிறது. இவை எல்லாம் இரண்டாம் கட்டச் சங்கதிகள் என்பது என் வாதம். ஆடும் பலகை யாருடையது, அந்த ஆள் எழுந்து போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்பதுதான் ஒரு லீக்கின் அடிப்படைக் கேள்வி. பூஞ்சேரியில் நடந்ததை வைத்தே அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அந்த ஒலிம்பியாட் முதலில் நம்முடையதே அல்ல. மாஸ்கோவில் நடக்க வேண்டியது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. அடுத்த நாளே, போட்டி மாஸ்கோவில் நடக்காது என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அறிவித்துவிட்டது. அகில இந்திய செஸ் கூட்டமைப்பும் தமிழ்நாடு அரசும் முந்திக்கொண்டு கேட்க, மார்ச் 15 அன்று சென்னை உறுதியானது. மீதமிருந்தது நாலரை மாதம். பூஞ்சேரியில் ஒரு நட்சத்திர ஓட்டலின் அரங்கம் ஏற்கெனவே இருந்தது. அதன் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இன்னோர் அரங்கை எழுப்பினார்கள். பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள் வந்து உட்கார்ந்தன. அதிகாரிகளின் சுறுசுறுப்பைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சுறுசுறுப்பு மட்டுமே இருந்து பயனில்லை. இடம் மாறினாலும் விதிப் புத்தகம் மாறவில்லை, தரவரிசை மாறவில்லை, நடுவர்களின் தகுதிச் சான்றிதழ் மாறவில்லை. மாஸ்கோவில் இருந்த எதையும் பெயர்த்துக்கொண்டு வரத் தேவைப்படவில்லை. குதிரை எப்படித் தாவ வேண்டும் என்று கேட்டு யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. இடத்தைப் பிடுங்கினாலும் போட்டி சாகவில்லை என்பதே இங்கே முதல் சான்று.

போட்டி உள்ளே எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 188 அணிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஆட வேண்டுமென்றால் 187 சுற்றுகள் தேவை; அரை வருஷம் ஆகும். தோற்றால் வெளியே என்று வைத்தால், கடல் கடந்து வந்த பாதிப் பேர் முதல் நாளே பெட்டி கட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுவிஸ் முறை இருக்கிறது. ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிற்கும் அணிகளை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிடுவார்கள். யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஜெயிக்க ஜெயிக்க எதிராளி வலுத்துக்கொண்டே போவார். பதினொரு சுற்றிலேயே உச்சி தெளிந்துவிடும். அணிக்கு ஐந்து பேர், பலகையில் நால்வர், ஒருவர் மாற்று. யார் எந்தப் பலகை என்ற வரிசையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பலமான எதிராளியைத் தவிர்க்க நடுவில் அதைக் கலைத்துப் போட முடியாது. அணி வென்றால் 2 புள்ளி, சமன் என்றால் 1. கேப்டன் பின்னால் நிற்கலாம். டிரா கேட்கலாமா, ஒப்புக்கொள்ளலாமா என்று ஆட்டக்காரருக்குச் சொல்லலாம். பலகையில் என்ன நிலவரம் என்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவிலுள்ள வெள்ளைக் கட்டங்களில் வைத்தால் வெள்ளைக்கு வெற்றி. கறுப்புக் கட்டங்களில் வைத்தால் கறுப்புக்கு. வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்றால் டிரா. மின்னணுப் பலகை இதைப் படித்து உலகத்துக்கு அனுப்பிவிடும். அது பழுதானாலும் முடிவு கெடாது. ஆடியவர்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாள் நடுவரிடம் இருக்கும்.

அந்தத் தாளின் கனம் என்ன என்பது பத்தாவது சுற்றில் தெரிந்தது. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றிருந்த பதினாறு வயது குகேஷ், உஸ்பெகிஸ்தானின் நோடிர்பெக் அப்துசத்தோரோவிடம் வெல்லும் நிலையிலிருந்து சறுக்கித் தோற்றார். இந்தியாவின் இரண்டாவது அணி ஜெயித்திருக்க வேண்டிய அந்த மோதல் 2-2 என்று முடிந்தது. தங்கம் கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. தொடக்க வரிசையில் 14-ஆவதாக இருந்த அணி அது. அர்மீனியாவும் அதே 19 புள்ளிதான் எடுத்திருந்தது. அணிகள் யார் யாரோடு மோதின, அந்த எதிராளிகள் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கில் அது பின்னுக்குப் போய்விட்டது. நம் அணிக்கு வெண்கலம். கணக்கு கசந்திருக்கலாம், ஆனால் அது போட்டி தொடங்கும் முன்பே அச்சாகி எல்லார் கையிலும் இருந்த கணக்கு. போட்டியை நடத்திய நாட்டுக்காகக்கூட அது வளையவில்லை. விதி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுகிற செஸ்ஸைக் கணினி ஆட்டத்தோடு எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பீர்கள். செஸ்ஸும் கணினிக்குள் போய்ப் பார்த்திருக்கிறது. கொரோனா ஆண்டான 2020-இல் ஒலிம்பியாட் இணையத்தில் நடந்தது. ஆகஸ்ட் 30 இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. நடுவில் உலகளாவிய இணையக் கோளாறு ஒன்று வர, நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பு அறுந்து, நேரம் ஓடித் தோற்றதாகக் கணக்கானது. இந்தியா முறையிட்டது. ஃபிடே ஆராய்ந்து இரு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் ஆட்டம் நடந்த தளம் ஒருவருடையது, தீர்ப்பு சொன்னவர் வேறொருவர். சர்வர் வைத்திருந்த நிறுவனத்திடம் போய் நின்று நியாயம் கேட்கும் நிலை இரு நாட்டுக்கும் வரவில்லை.

இ-ஸ்போர்ட்ஸில் இந்த இரண்டு நாற்காலியிலும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஆட்டத்தை எழுதிய நிறுவனம் சர்வரை வைத்திருக்கிறது, விதியை மாற்றுகிறது, போட்டி நடத்த உரிமம் கொடுக்கிறது, லீக்கையும் தானே நடத்துகிறது. இதன் விளைவை அமெரிக்காவின் ஓவர்வாட்ச் லீக்கில் தெளிவாகப் பார்க்கலாம். 2018-இல் 12 நகர அணிகளோடு தொடங்கிய லீக் அது. ஓர் அணிக்கான நுழைவுத் தொகை 2 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. இங்கே பலரும் கனவு காண்கிற அதே ஐ.பி.எல். வடிவம். ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கு நிறுவனம் மாறியபோது, அறுவர் அணி ஐவர் அணி ஆகிவிட்டது. கால்பந்துக்கு இனி பத்துப் பேர் போதும் என்று பந்து தயாரிக்கும் கம்பெனி முடிவெடுத்தால் எப்படி இருக்கும்? 2022 பருவத்திலேயே லீக் ஐவர் ஆட்டத்துக்குப் போய்விட்டது. 2023-உடன் லீக்கும் முடிந்தது. இவ்வளவு பணம் கொட்டிய அணிகளுக்கு ஆட லீக்கே இல்லாமல் போனது.

தென் கொரியாவின் கதை இன்னும் ருசியானது. 1998-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் அங்கே தொலைக்காட்சி சேனல்கள், தொழில்முறை அணிகள் என்று வளர்ந்தது. 2000-இல் உருவான கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் அதை ஒழுங்குபடுத்தி, ஒளிபரப்பு உரிமையையும் விற்கத் தொடங்கியது. ‘எங்கள் ஆட்டத்தை விற்க நீங்கள் யார்’ என்று அதை எழுதிய பிளிசார்ட் நிறுவனம் கேட்டது. ஆண்டுக்கணக்கில் இழுத்த தகராறு வழக்கு வரை போய், 2011-இல் ஒப்பந்தத்தில் முடிந்தது. சங்கம் முழுமையாக ஜெயிக்கவில்லை. ஆனாலும் நிறுவனத்துக்கு எதிரே மேசையில் உட்கார ஓர் ஆள் இருந்ததால்தான் ஒப்பந்தம் என்ற ஒன்றே வந்தது. அந்த ஆள் இன்று இந்தியாவில் இல்லை.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் பலமானதை முதலில் எடுத்துக்கொள்வோம். பிஜிஎம்ஐயை முடக்கியது அரசு, அந்த ஆட்டத்தை வெளியிடும் கிராஃப்டான் நிறுவனம் அல்ல. பலகை பொதுச் சொத்தாக இருந்தாலும் அரசு நினைத்தால் முடக்காதா? நியாயமான கேள்விதான். ஆனால் அரசியல் செஸ்ஸை இதைவிடப் பலமாகவே அடித்தது. போர் வந்தது, போட்டி நடக்கவிருந்த நகரம் போனது, ரஷ்ய அணியும் பெலாரஸ் அணியும் போட்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டன. அந்த நாட்டு ஆட்டக்காரர்களுக்கு அது இழப்புதான், மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் போட்டி நடந்தது. பெண்கள் தங்கத்தை உக்ரைன் வென்றது. பிஜிஎம்ஐ முடங்கியபோதோ, ஆடக் களமில்லாமல் போனது அத்தனை பேருக்கும். 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு அது திரும்பி வரும்வரை, அந்த ஆட்டக்காரர்கள் சேர்த்த பெயரை வேறெங்கும் கொண்டுபோய்க் காட்ட வழி இல்லை. ஒரே ஆட்டத்தின் மேல், ஒரே கம்பெனியின் சர்வரின் மேல் ஒட்டுமொத்தப் பிழைப்பையும் ஏற்றி வைத்ததன் பலன் அது.

இரண்டாவது, நிறுவனம் கோடிக்கணக்கில் செலவழித்து எழுதிய சொத்தைப் பொதுவில் வைக்கச் சொல்வது அநியாயம் என்பது. அப்படி யாரும் கேட்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபம் அதன் சொந்தக்காரருடையதுதான். அதற்காக முகூர்த்தத்தன்று அவர் பூட்டிவிட்டுப் போக முடியுமா? முன்பணம் வாங்கியிருக்கிறார், ரசீது கொடுத்திருக்கிறார். அதே அளவு ரசீதை இ-ஸ்போர்ட்ஸ் லீக்கும் கேட்கலாம். ஒரு பருவம் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை ஒரே பதிப்பில்தான் ஆட்டம், நடுவில் வரும் திருத்தங்கள் போட்டி சர்வரைத் தொடக் கூடாது. ஆட்டத்தை நிறுத்துவதென்றால் ஒரு பருவம் முன்கூட்டியே அறிவிப்பு. ஏமாற்றுப் புகாரில் ஆதாரப் பதிவுகள் நிறுவனம் சாராத நடுவர் கைக்கு வர வேண்டும். ஃபிடே தன் ஆட்ட விதிகளைத் திருத்தும்போது 2018 ஜனவரி 1, 2023 ஜனவரி 1 என்று தேதி குறித்தே அமலுக்குக் கொண்டுவருகிறது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பழக்கம் அல்ல இது, இன்று நடப்பது.

கூட்டமைப்புகள் மட்டும் யோக்கியமா என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். இல்லைதான். பூஞ்சேரி ஏற்பாடுகள் மும்முரமாக நடந்த அதே கோடையில், அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் செயலாளர் பதவியில் நீடிக்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒலிம்பியாடை முன்னிட்டு ஆகஸ்ட் 15 வரை அவர் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. வெட்கக்கேடான செய்திதான். ஆனால் கூட்டமைப்பை இங்கே வழக்கு மன்றத்தில் நிறுத்த முடிந்தது, தேர்தல் விதியைக் காட்டிக் கேள்வி கேட்க முடிந்தது. ஆட்டத்தின் சமநிலையை மாற்றிய ஒரு நிறுவனத்தின் மேல் எந்த விதியைக் காட்டி வழக்குப் போடுவீர்கள்? ஆட்டத்தை நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாமே பொத்தானை அழுத்தியிருக்கிறோம்.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரமும் தந்தது. முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி நடக்க வேண்டும், திறமையே முடிவைத் தீர்மானிக்க வேண்டும், பந்தயம் கூடாது, அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதன் வரையறை. சூதையும் விளையாட்டையும் பிரித்த மட்டில் சரி. ஆனால் ‘முன்கூட்டியே’ என்பது எவ்வளவு முன்? வகுப்பவர் யார்? ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி இருக்க, வியாழக்கிழமை ஒரு திருத்தம் வந்து ஒரு துப்பாக்கியின் பலத்தைக் குறைத்தால் அது முன்கூட்டியே வகுத்த விதியா? பதிவு விண்ணப்பத்தில் லீக் நடத்துபவர், ஆட்ட நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் பதிப்பு, நிறுத்த அறிவிப்பு, ஆதாரப் பதிவுகள் பற்றிய பகுதிகளை இணைத்தாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். புதுச் சட்டமே தேவையில்லை.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது, அது கீழ்மட்டத்தில். பூஞ்சேரி இருக்கிற செங்கல்பட்டு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு பள்ளி மாணவி செஸ்ஸில் வளர வேண்டுமென்றால் படி தெரியும்: மாவட்டப் போட்டி, மாநிலத் தேர்வு, தேசியப் போட்டி; தரப்புள்ளி விழும் போட்டியில் ஆடினால் அந்த எண் அவளுக்குச் சொந்தம். பள்ளி மாறினாலும் ஊர் மாறினாலும் அது கூடவே வரும். அதே பள்ளியில் கைப்பேசி ஆட்டத்தில் கெட்டிக்காரனாக இருக்கும் பையனுக்கு நிறுவனத்தின் கணக்கில் ஒரு தரநிலை இருக்கிறது. கணக்கு முடங்கினால் அதுவும் போச்சு. ஒரே ஆட்டத்துக்குள் அடங்காத, மாவட்டச் சங்கம் பராமரிக்கிற ஒரு பதிவேடு அவனுக்கு வேண்டும். யார் எந்தப் போட்டியில் யாரை வென்றார், நடுவர் யார், ஏமாற்றுப் புகார் உண்டா என்ற சாதாரண விவரங்கள் போதும். இதற்கு ஏல மேடையும் வேண்டாம், நட்சத்திர விடுதியும் வேண்டாம். ஒரு கணினியும், சனி ஞாயிறில் திறந்து வைக்கப் பள்ளி அரங்கும், பயிற்சி பெற்ற நடுவர்கள் சிலரும் இருந்தால் மாவட்டத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். நடுவர்களுக்கான சம்பளத்தை யார் தருவது, அதை ஆட்ட நிறுவனமே தந்தால் அவர்கள் யாருடைய ஆட்கள் ஆவார்கள் என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)