கட்டட விதிகள் ஊருக்கு வந்து சேரும் வழி: நங்கநல்லூரை முன்வைத்து

வீடு கட்டுகின்ற ஒருவர் மூன்று தரப்பினருக்குப் பொறுப்பாளராகிறார். அவ்வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் முதல் தரப்பினர். சுவரை அடுத்து வாழும் அண்டை வீட்டார் இரண்டாம் தரப்பினர். வாசலைக் கடந்து செல்லும் வழிப்போக்கர் மூன்றாம் தரப்பினர். இம்மூவருள் எவருக்கும் அக்கட்டடத்தால் தீங்கு நேரக் கூடாது என்பதே கட்டட விதிகளின் அடிப்படை நோக்கமாகும். ஆனால் இவ்விதிகளை வகுப்பவர் யார், வகுக்கப்பட்டவை ஒரு குறிப்பிட்ட தெருவில் எவ்வாறு சட்டமாகின்றன என்பன கற்றவர்களிடையேயும் தெளிவாக அறியப்படாத செய்திகளாகவே உள்ளன. தென்சென்னையைச் சேர்ந்த நங்கநல்லூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

நம் நாட்டில் கட்டடங்களுக்கான தலையாய ஆவணம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஆகும். 1970இல் முதன்முதலாக வெளிவந்த இத்தொகுப்பு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தியமைக்கப்பட்டது. அடித்தளம், தூண், தீப்பாதுகாப்பு, மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் என அனைத்தையும் பற்றி இதில் விரிவான நெறிகள் உள்ளன. எனினும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் இத்தொகுப்பு தானாகச் சட்டமாகிவிடுவதில்லை. அரசியல் சாசனத்தின்படி நிலமும் உள்ளாட்சியும் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஆகவே தேசியத் தொகுப்பு ஒரு மாதிரி மட்டுமே. மாநில அரசு அதனை ஏற்று, தன் விதிகளில் சேர்த்த பின்னரே அது மக்களைக் கட்டுப்படுத்தும். அமெரிக்காவிலும் நிலைமை இதுவே. அங்கும் வல்லுநர் அமைப்பு வெளியிடும் மாதிரி விதிகளை மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியே ஏற்றுச் சட்டமாக்குகின்றன.

ஏற்கும்போது மாற்றங்கள் நேர்வது இயல்பு. 2016ஆம் ஆண்டின் தேசியத் தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடத்தை உயரடுக்குக் கட்டடம் என வரையறுக்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகளோ 18.30 மீட்டரைக் கடந்தவற்றையே அவ்வாறு கொள்கின்றன. எனவே 17 மீட்டர் உயரமுள்ள அடுக்ககம் ஒன்று தேசியத் தொகுப்பின் கண்ணில் உயரடுக்குக் கட்டடம். நம் மாநில விதியின் கண்ணில் சாதாரணக் கட்டடம். மூன்று மீட்டர் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய வெற்றிடமும் தீப்பாதுகாப்பு ஏற்பாடுகளும் இவ்வரையறையைப் பொறுத்தே அமைகின்றன.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு அடித்தளமாக விளங்குவது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இச்சட்டத்தின் கீழ் இயங்குகிறது. நிலத்தின் பயன்பாடு, கட்டடத்தின் அளவு ஆகியவை பற்றியது திட்ட அனுமதி. கட்டுமானம் பற்றியது கட்டட அனுமதி. நங்கநல்லூர் 2011 வரை ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஊர் நகரவில்லை, தெருக்கள் மாறவில்லை, ஆனால் அனுமதி வழங்கும் அலுவலகம் மாறியது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கும் நோக்குடன் 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பட்டன. மாநகராட்சி முதல் சிற்றூராட்சி வரை இவை பொதுவானவை. விமான நிலையத்தை அடுத்துள்ள நங்கநல்லூருக்குக் கூடுதலாக ஒரு கட்டுப்பாடும் உண்டு. அங்கு எழும் கட்டடங்களின் உயரம் மத்திய விமானப் போக்குவரத்து விதிகளுக்கும் இணங்க வேண்டும்.

இவ்விதிகளில் மூன்றை வாசகர் அறிந்திருத்தல் நலம். முதலாவது தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்பதை இது குறிக்கும். முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 என இருந்த இக்குறியீடு 2019இல் 2 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் 3600 சதுர அடிக்குப் பதிலாக 4800 சதுர அடி கட்டலாம் என்பது இதன் பொருள். நங்கநல்லூரின் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறிவருவதில் இக்கணக்கிற்கும் பங்குண்டு. இரண்டாவது, சுற்றிலும் விடும் வெற்றிடம். உயரடுக்குக் கட்டடமாயின் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றிவர இவ்விடம் இன்றியமையாதது. மூன்றாவது, முன்னுள்ள சாலையின் அகலம். சாலை குறுகினால் கட்டடமும் குறுக வேண்டும்.

இந்நெறிகள் நம் மரபிற்குப் புதியவை அல்ல. வழியின் அகலம் குறித்துப் பிணக்கு எழுந்தபோது ஏழு முழம் விடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தியை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. தனக்கும் பிறர்க்கும் தீங்கிழைத்தல் கூடாது என்னும் நபிமொழியின் அடிப்படையில் ஃபிக்ஹ் அறிஞர்கள் கட்டடங்களுக்கென ஒரு தனித்துறையையே வளர்த்தனர். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கொத்தனாராகப் பணியாற்றி, நீதிபதிகளுக்குக் கட்டட வல்லுநராகவும் விளங்கியவர். கட்டடச் சட்டங்கள் பற்றி அவர் இயற்றிய அரபு நூல் புகை, துர்நாற்றம், அதிர்வு ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்கு நேரும் தீங்குகளை வகைப்படுத்தி ஆராய்கிறது. சட்டத்தை எழுதுகிறவருக்குச் சுவரைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பதற்கு அவர் சான்றாவார். ஊர் வழக்கத்தை, அதாவது உர்ஃபை, மதித்துச் சட்டத்தைப் பொருத்துதல் என்னும் கொள்கையும் மாதிரி விதியை ஊருக்கேற்ப ஏற்கும் இன்றைய முறைக்கு அண்மையானதே. ஆயினும் தீங்கை விளைவிக்கும் வழக்கம் உர்ஃப் என்னும் தகுதியைப் பெறாது.

இங்குதான் நம் நகரத்தின் நோய் உள்ளது. விதியை மீறிக் கட்டுவதும், பின்னர்க் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக் கொள்வதும் வழக்கமாகிவிட்டன. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 113-ஏ என்னும் பிரிவு 1998இல் சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28ஆம் நாளுக்கு முற்பட்ட மீறல்களை வரன்முறைப்படுத்த அது வழிவகுத்தது. ஒரே ஒரு முறை எடுக்கப்படும் நடவடிக்கை என்ற அளவில் உச்ச நீதிமன்றம் 2000இல் அதனை ஏற்றது. எனினும் அதன் காலவரம்பு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அந்நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதவையாக்கியது. அதன் பின்னரும் 2007 ஜூலை வரையிலான மீறல்களுக்காக 113-சி என்னும் பிரிவு உருவாக்கப்பட்டது.

கட்டணம் செலுத்தியதால் சுவர் வலுவடைவதில்லை. குறுகிய படிக்கட்டு விரிவதில்லை. துருக்கியில் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான நல்ல விதிகள் ஏட்டில் இருந்தன. ஆனால் அனுமதியின்றிக் கட்டப்பட்டவற்றுக்கு 2018இல் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அந்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அப்பொதுமன்னிப்பு கடும் கண்டனத்திற்குள்ளானது. சென்னையையும் நிலநடுக்க வரைபடத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றியது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

நமக்கு அண்மையிலேயே பாடங்கள் உள்ளன. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினர். மதரஸாக்களையும் விடுதிகளையும் நடத்தும் நம் நிர்வாகத்தார் இரண்டாவது நிகழ்ச்சியை மறக்கலாகாது. அல்லாஹ்வின் பெயரால் எழுப்பப்படும் கட்டடத்திற்கு அனுமதி எதற்கு என்னும் பேச்சு சில இடங்களில் கேட்கிறது. அங்கு ஓத வரும் பிள்ளைகளின் உயிர் அமானிதம் என்பதை அப்பேச்சு கருதுவதில்லை.

விதி வெற்றி பெற்றதற்கும் சான்றுண்டு. 2003இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. காலக்கெடு குறுகியது, தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்னும் எச்சரிக்கையும் உண்டு. வீடுதோறும் குழாய்கள் பொருத்தப்பட்டன. பின்னர்ப் பெய்த மழைகளால் சென்னையின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. நன்மை தன் கிணற்றிலேயே தெரிந்தபோது மக்கள் விதியைச் சுமையாகக் கருதவில்லை.

2024 ஜூலை முதல் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோர், தாமே சான்றளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறும் முறை நடைமுறையில் உள்ளது. முன்கூட்டிய கள ஆய்வு இதற்கில்லை. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பது இதன் நன்மை. அளவுநாடாவுடன் வந்து நிற்கும் முஹ்தஸிப் இல்லாத நிலையில், கையொப்பமிடும் உரிமையாளரே தமக்கு முஹ்தஸிபாக வேண்டியிருப்பது இதன் கனம். ஆகவே வீடு கட்டத் தொடங்குவோர் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் மண்ணாய்வு அறிக்கையையும் கம்பிக் கணக்கையும் எழுத்தில் பெறுக. அடுக்ககம் வாங்குவோர் விலை பேசுமுன் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு, அதில் காட்டப்பட்ட வெற்றிடம் தரையிலும் உள்ளதா என அளந்து பார்க்க. பள்ளிவாசல், மதரஸா நிர்வாகத்தார் அடுத்த கூட்டத்திலேனும் தம் கட்டடத்தின் அனுமதி ஆவணங்களை எடுத்துவைத்து, அவசர வழிகள் பூட்டின்றித் திறந்துள்ளனவா எனச் சரிபார்ப்பார்களாக.