எல்லாருக்கும் ஒரே கையுறை!

எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர், ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறார். கணவர் மூலமாக எச்.ஐ.வி., தொற்று வந்து, அரசு ஏ.ஆர்.டி., மையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையை, 11 ஆண்டுகளாக ஒரு நாள் கூட தவறாமல் சாப்பிடுகிறார். அவர் சம்மதத்தோடு தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பப்பையில் கட்டி என்று, போன வருடம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். துணைக்கு நான் போனேன். டாக்டரிடம் மறைக்கக் கூடாதே என்று, தொற்று இருப்பதை அவரே சொல்லி விட்டார். அவ்வளவு தான்... மறுநாள் காலை, கட்டிலின் தலைமாட்டில், சிவப்பு மையில் எழுதிய அட்டை தொங்கியது. கூட்டிப் பெருக்க வந்த ஆயாவிலிருந்து, பக்கத்து கட்டிலுக்கு இட்லி கொண்டு வந்தவர் வரை, அதைப் படித்தனர். ஆபரேஷன் தேதியோ மூன்று முறை தள்ளிப் போனது. 'பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்களேன்மா...' என்று, நைசாக சொல்லிப் பார்த்தனர்.

'விடுங்கக்கா... இந்த ரத்தப்போக்கோடயே இருந்துட்டு போறேன். ஊருக்கு தெரிஞ்சா, என் பொண்ணு கல்யாணம் என்னாகறது?' என்று அவர் அழுதபோது, எனக்கு மனசு கேட்கவில்லை.

ராத்திரி டியூட்டிக்கு வந்த வயதான நர்ஸ் ஒருவர் சொன்னது: 'இந்தம்மா சொன்னதால தெரிஞ்சது, தனக்கு இருக்கறதே தெரியாம எத்தனை பேர் வர்றாங்களோ! எனக்கு எல்லார் ரத்தமும் ஒண்ணு தான். ஆளுக்கொரு கையுறை, ஆளுக்கொரு ஊசி; போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போட மாட்டேன். அட்டையைப் பார்த்து கையுறை போடறவங்களுக்கு தான் ஆபத்து...'

எவ்வளவு சரியான பேச்சு! தொற்று வந்த புதிதில், பரிசோதனையிலேயே தெரியாத நாட்களும் உண்டே.

எச்.ஐ.வி., உள்ளவருக்குப் போட்ட ஊசி, தவறுதலாக ஊழியர் கையில் குத்தினால், தொற்றும் வாய்ப்பு, ஆயிரத்தில் மூன்று. மாத்திரையால் கிருமி அடங்கியவர் என்றால், அதை விடக் குறைவு. மஞ்சள் காமாலை, 'பி' கிருமியோ, தடுப்பூசி போடாதவருக்கு, ஆயிரத்தில் 300 வரை கூட தொற்றும். அதற்கு சிவப்பு அட்டை மாட்டி நான் பார்த்ததில்லை! அப்படியே குத்தி விட்டாலும், 72 மணி நேரத்திற்குள், அதிலும் சீக்கிரமாக மாத்திரை ஆரம்பித்து, 28 நாள் சாப்பிட்டால், பெரும்பாலும் தடுத்து விடலாம்.

இந்தியாவில் இத்தொற்றை முதன்முதலில், 1986ல் கண்டறிந்து சொன்னது, சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர். அவர்கள் ஊர்க்காரர்களான நாம், இத்தனை வருடம் கழித்தும் அட்டை மாட்டிக் கொண்டிருக்கிறோம்.

அன்று, 1097 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்தேன். பொறுமையாக விவரம் சொன்னார்கள். 2017ல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி., சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சையை மறுக்கக் கூடாது. நோயாளியின் சம்மதமின்றி பரிசோதிப்பதோ, ஊரறிய வெளியிடுவதோ கூடாது. ஊழியருக்கு கையுறையும், ஊசி குத்தினால் தடுப்பு மாத்திரையும் தருவது நிர்வாகத்தின் கடமை. ஆகவே, நர்சுகளுக்கும் இது பாதுகாப்புச் சட்டம் தான்! 20 பேரோ, அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். அதற்கு மேல், மாநில குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உயிருக்கு அவசரம் என்றால், 24 மணி நேரத்திற்குள் உத்தரவிட முயல வேண்டும் என்கிறது சட்டம்.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில், 'சிகிச்சை தர மறுத்தால், காரணத்தை எழுத்தில் தாருங்கள். இங்கு புகார் அதிகாரி யார்?' என்று எழுதி, அவர் கையெழுத்தோடு கொடுத்தோம். சாயங்காலமே அட்டை இறங்கியது. நான்காம் நாள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வீட்டிற்கு கிளம்பும்போது தந்த சீட்டின் தலைப்பிலும், கொட்டை எழுத்தில் அதையே எழுதியிருந்தனர். மருந்துக் கடைக்காரர் பார்க்கிற சீட்டு அது! 'டாக்டருக்கு தெரிய வேண்டியது உள்ளே இருந்தா போதும்மா...' என்று சொல்லி, வேறு சீட்டு எழுதி வாங்கிய பிறகு தான், ஆட்டோ ஏறினோம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி.